ஏழு முறுக்கு

ஜனவரி தில்லியில்
ஞாயிற்றுக்கிழமை வரும், ஞாயிறு வராது.
பத்து மணிக்கும் தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.
நசீமின் ஸ்கூட்டரில் பின்னால் நான்,
மடியில் பை: டெஸ்டர், பிளாஸ், இரண்டு எலிமென்ட்.

ஆறு நாள் காசுக்கு.
ஏழாம் நாள், தனியாய்க் குளிரில் கிடக்கும் கிழடுகளுக்கு.
நசீம் குழாய், நான் கரண்ட்.
வெல்டர் தில்பாக் வந்தால் வந்தான்.
சீட்டு எழுதித் தருவது மருந்துக்கடை மிதிலேஷ்.
இருமல் மருந்துக்கு வருபவர்களிடம்
"வீட்டில் சுடுதண்ணி வருதா?" என்று கேட்டு வைப்பாள்.

மூன்றாவது வீடு ஜனக்புரியில், இரண்டாம் மாடி.
சீட்டில் கட்யால் என்றிருந்தது.
குரங்குக் குல்லாய்க்குள் இரண்டு கண்.
ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர்,
அதன்மேல் இல்லாத மனைவியின் ரோஸ் சால்வை.
"குளித்துப் பதினோரு நாள்" என்றார்,
புகார் எண் கேட்பவர்போல.

கீசரைத் திறந்தால் உள்ளே உப்பு.
நசீம் தட்டித் தட்டி எடுத்தான், ஒரு முறம் தேறும்.
ஹீட்டரில் காயில் நடுவே அறுந்திருந்தது.
ஒயர் பார்க்க நாற்காலியில் ஏறினேன்.
எதிரே சுவரில் போட்டோ:
மின்வாரியக் காக்கி, கையில் பிளாஸ்,
பின்னால் ஒரு ஜீப்.

அந்த ஜீப்பை எனக்குத் தெரியும்.

பாலத்தடிக் கேம்ப்பில் எங்கள் வெளிச்சமெல்லாம்
கம்பத்தில் கொக்கி போட்டு இழுத்ததுதான்.
அக்காவுக்கு எட்டாம் மாதமே பிறந்துவிட்டவளை
அட்டைப்பெட்டியில் கிடத்தி
நூறு வாட்ஸ் பல்பின் கீழ் அடைகாத்தோம்.
அன்றைக்குத்தான் வந்தது.
வெட்டியதைச் சுருட்டி ஜீப்பில் எறிந்துகொண்டு போனார்கள்.
விடியும்வரை நான்கு பெண்கள் முறைவைத்து
அவளை மார்பில் போட்டுக்கொண்டார்கள்.
பிழைத்துவிட்டாள். நொய்டாவில் வேலை.
மே மாதத்திலும் ஏசி ஆகாது அவளுக்கு.

ஜீப்பில் ஆறுபேர் இருந்தார்கள் அன்று.
இவர் அதில் ஒருவரோ, வேறு ஜீப்போ.
குல்லாய்க்குள் தேடினேன்.
வயசு ஒரு முகத்தை
மிச்சம் வைத்தால்தானே.

கீசர் பாயிண்ட்டில் எர்த் இல்லை.
சொல்லாமல் மூடிவிட்டு இறங்கலாம்.
தண்ணீர் சுடும், நன்றியும் சொல்வார்,
பிறகு ஒருநாள் ஈரக்கையோடு குழாயைத் தொடும்போது

"ஆச்சா?" என்றான் நசீம்.
"ஆகல. பச்சை ஒயர் பத்து மீட்டர் வாங்கிட்டு வா."
"ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை?"
"தேடு."

இணைப்புப் போடுகையில் டார்ச்சோடு வந்து நின்றார்.
ஓய்ந்த அதிகாரியும் சோதனை போடாமல் இருப்பாரா.
வெளிச்சம் என் விரலிலேயே நின்றது.
"ஏழு சுற்று" என்றார்.
"கடைசிச் சுற்றை உள்ளே மடிக்கிறாய்.
எந்த ஐ.டி.ஐ.யிலும் இது கிடையாது.
பாலத்தடியில் மட்டும்தான் போடுவார்கள்.
வெட்ட இரண்டு கையும் வேண்டும்."
நான் டேப் சுற்றிக்கொண்டிருந்தேன்.
"மழைக்கும் அவிழாது" என்றார்.
டார்ச்சை அணைத்தார்.

ஸ்விட்சைப் போட்டதும் தூசி கருகும் வாசனை,
காயில் ஒரு முனையிலிருந்து மெல்லச் சிவந்து வந்தது.
இன்னொரு நாற்காலியை இழுத்தார்.
"உட்காருங்கள்" என்றார். இந்தியில் ஆப் போட்டு.
உட்காரவில்லை. கையை மட்டும் நீட்டினேன்.
பக்கத்தில் அவர் கை, நடுங்கிக்கொண்டு.

"எவ்வளவு ஆச்சு?"
"மீட்டரில் ஓடும் சார். வாரியத்துக்குக் கட்டுங்கள்."
சிரித்தாரா, இருமினாரா,
குல்லாய் மறைத்துவிட்டது.

கீழே நசீம் ஹாரன் அடித்தான்.
அடுத்தது பீதம்புரா:
எண்பது தாண்டிய இரட்டைச் சகோதரிகள்.
ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறதாம்.
யார் பக்கம் திருப்பிவைப்பது என்றுதான் தகராறு.